பிக்கப் வண்டிக்கு எதுக்கு பஸ் ஹாரன்?

உங்கள் வீட்டில் யாராவது லோடு வண்டி ஓட்டுகிறார்களா? குட்டி யானையோ, பொலிரோ பிக்கப்போ, எந்த வண்டியானாலும் சரி. மகனோ, மருமகனோ, தம்பியோ, யாரானாலும் சரி. இந்தப் பக்கத்தை மடித்து அவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். ‘அவரெங்கே படிக்கப் போகிறார்?’ என்றால் சோறு போடும்போது நீங்களே வாசித்துக் காட்டிவிடுங்கள். விஷயம், அவர் தன் வண்டியில் புதிதாக மாட்டியிருக்கும் அல்லது மாட்ட ஆசைப்படும் ஏர் ஹாரனைப் பற்றியது.

‘சித்த வைத்தியருக்கு ஹாரனில் என்ன ஐயா வேலை? சூரணம், லேகியம் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு...’ என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. “காதுக்குள்ள ‘ங்ஙொய்’னு இரையுது டாக்டர், ராத்திரி படுத்தா தூங்க முடியல” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் நாடியைப் பிடிப்பதில்லை. “என்ன தொழில் பார்க்குறீங்க?” என்றுதான் கேட்பேன். நாற்பது வயதுகூட ஆகாதவர், “வண்டி ஓட்டுறேன்” என்றால் அடுத்த கேள்வி, “வண்டியில என்ன ஹாரன்?”

எங்கள் காயல்பட்டினத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருச்செந்தூருக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் சிங்கித்துறையும் கொம்புத்துறையும். மீன் அங்கிருந்து வரும். இன்னொரு பக்கம் ஆறுமுகநேரி. உப்பு அங்கிருந்து போகும். ஆத்தூர் வெற்றிலைக்கட்டு, ஏரல் பக்கத்து வாழைத்தார், ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் சின்ன லோடு வண்டிக்கு ஓய்வே கிடையாது. அதிலும் மீன் வண்டிக்கு ராத்திரி என்ன, பகல் என்ன? ஏலம் முடிந்து பெட்டி ஏறினால் ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பத்து நிமிஷம் பிந்தினால் விலை இறங்கிவிடும். முதலாளி போன் மேல் போன் போடுவார். அந்தத் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை.

அந்தத் தவிப்பில்தான் டிரைவர் தம்பி சொல்கிறார்: “கம்பெனி ஹாரன் காத்தாடி மாதிரி இருக்கு டாக்டர். எவன் காதுலயும் விழ மாட்டேங்கு. ஒருத்தனும் வெலக மாட்டேங்கான். அதான் ஏர் ஹாரன் போட்டேன். இப்ப அடிச்சாப் போதும், அம்புட்டுப் பேரும் ஒதுங்குதான்.”

இந்தப் பேச்சில் இரண்டு நோய்க்குறிகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, ஹாரனுக்கே நோய். இல்லையென்றால், காதுக்கு நோய். ஏர் ஹாரன் இந்த இரண்டில் எதையும் குணப்படுத்தாது. முதல் நோயை மறைக்கும், இரண்டாவதை வளர்க்கும். ஏன் என்று சொல்கிறேன்.

நோய் ஹாரனுக்கா?

வண்டிக்குக் கம்பெனியே கொடுத்து அனுப்புகிற ஹாரன் அப்படியொன்றும் நோஞ்சான் அல்ல. ஹாரனுக்கென்று ஐக்கிய நாடுகள் சபையின் விதி ஒன்று உண்டு. 28-ஆம் எண் விதி. வண்டிக்கு முன்னால் 7 மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 93 டெசிபலுக்குக் குறையக் கூடாது, 112-க்கு மேலும் போகக் கூடாது என்கிறது. 93 என்பதே சும்மா இல்லை. பக்கத்தில் நின்று இருவர் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல்தான்.

டெசிபல் கணக்கு நம்ம படிக்கணக்கு மாதிரி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பத்து கூடினால் ஒரு படி அரிசி இரண்டு படி ஆவதில்லை. பத்துப் படி ஆகிறது. இருபது கூடினால் நூறு படி! அதாவது 60-க்கும் 90-க்கும் உள்ள தூரம் ஆயிரம் மடங்கு. ‘முப்பதுதானே கூட’ என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, அவ்வளவு கெட்டியான ஹாரன் ஏன் ‘காத்தாடி மாதிரி’ ஆகிறது? ஒயரிங் கடை வைத்திருக்கும் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உப்புக் காத்து டாக்டர்! அதுபோக மீன் பெட்டித் தண்ணி வேற.” ஹாரனுக்குள் இருக்கும் மெல்லிய தகடு துரு ஏறிக் கனத்துவிடுகிறது. எர்த் ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் களிம்பு பிடிக்கிறது. பேட்டரி முழு வோல்ட் கொடுத்தாலும் ஹாரனுக்குப் போய்ச் சேருவது அரைகுறை. களிம்பைச் சுரண்டி, எர்த்தை இறுக்கினால் பல வண்டிகளில் சத்தம் திரும்பிவிடுமாம். தகடு கெட்டுப்போயிருந்தால் அதே அளவில் புதிய ஹாரன் ஒன்று வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. கால் மணி நேர வேலை.

இதைச் செய்யாமல் ஏர் ஹாரனுக்குப் போகிறவர் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பாருங்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பிரேக்கே காற்றில்தான் வேலை செய்கிறது. அதற்கென்று காற்று டேங்க் இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் ஏர் ஹாரன் ஊதும். நம்ம பிக்கப்புக்கு ஆயில் பிரேக். காற்றுக்கு எங்கே போவது? எனவே கரண்டில் ஓடும் குட்டிக் கம்ப்ரஸர் ஒன்றைச் சேர்த்து மாட்டுகிறார்கள். அது பழைய ஹாரனைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பழைய ஹாரனுக்குப் போட்ட மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து தனியாகக் கனமான ஒயர், நடுவில் ஃப்யூஸ், ஒரு ரிலே... இதெல்லாம் முறைப்படி வேண்டும். அவசரத்துக்குச் செய்கிறவர்கள் ஃப்யூஸை விட்டுவிடுகிறார்கள். பழைய ஒயரை வெட்டி, முறுக்கி, மேலே டேப் சுற்றி, “ஓடும் போங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

டேப் எத்தனை நாளைக்கு நிற்கும்? எங்கள் கடற்கரையில் வீட்டு வாசல் கிரில்லே நிற்பதில்லை! ஒயர் சூடேறி, மேல் உறை உருகி, பக்கத்து ஒயரோடு ஒட்டினால் வண்டி எரியவும் செய்யும். ரிலே ஒட்டிக்கொண்டால் கையை எடுத்த பிறகும் ஹாரன் நிற்காமல் அலறிக்கொண்டே இருக்கும். நடு ராத்திரியில் பேட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் தெரு முழுக்க விழித்துவிடும். மெக்கானிக் சொன்ன இந்தச் சங்கதிகள் என் துறை இல்லை, ஆகவே இதோடு விடுகிறேன்.

தெருவின் சுவரும் மனிதக் காதும்

காயல்பட்டினத்துத் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? நீள நீளமான தெருக்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள். தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில், பெண்கள் வெயிலில்லாமல், கூட்டத்தில் இடிபடாமல் போய்வருவதற்கென்றே ஒடுக்கமான முடுக்குகள். அமைதிக்காகவே கட்டினாற்போல் இருக்கும். ஆனால் இந்தச் சுவர்களுக்குள் ஏர் ஹாரன் புகுந்தால் வெளியே போக வழி தெரியாது. வெட்டவெளியில் சத்தம் விரிந்து கரைந்துவிடும். இங்கே சுவரில் மோதி, எதிர்ச்சுவரில் மோதி, அங்கேயே சுற்றும்.

ஒரு சின்னக் கணக்கு. வெட்டவெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். 7 மீட்டரில் 112 டெசிபல் என்றால் மூன்றரை மீட்டரில் 118. ஒன்றேமுக்கால் மீட்டரில் 124. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது? கூலக்கடை பஜாரில் நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்? 120-ஐத் தாண்டினாலே பலருக்குக் காது வலிக்க ஆரம்பித்துவிடும். இது சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவுக்கான கணக்குத்தான். ஏர் ஹாரன் அதையும் தாண்டுவதற்கென்றே விற்கப்படுகிற சாமான்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சித்த நூல்களோடு உடற்கூறும் உண்டு. காதின் உட்பகுதியைப் படத்தில் பார்த்ததும் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு உடனே புரிந்துவிடும். ஏனென்றால், அது ஒரு சின்னச் சங்கு! பட்டாணி அளவுக்குள் சுருண்டு சுருண்டு கிடக்கும். அதற்குள் மயிர் போன்ற நுனிகள் உள்ள செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. சத்தம் வரும்போது இவை அசைந்து, நரம்புக்குச் சேதி சொல்லும். பெருஞ்சத்தம் திரும்பத் திரும்ப மோதினால் இவை காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி சாயும். ஓய்வு கிடைத்தால் ஓரளவு நிமிரும். ஓய்வே இல்லாமல் மறுபடி மறுபடி அடித்தால் செத்துப்போகும். செத்தது செத்ததுதான். மனிதருக்கு அது மறுபடி முளைப்பதில்லை.

எங்கள் கடற்கரையில் காதுநோய் புதிதில்லை. முத்துக்குளிப்பு இருந்த காலத்திலிருந்தே மூழ்குகிறவர்களுக்குக் காதில் வலியும் ரத்தமும் பழக்கம். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதன் பிறகும் சங்கு குளிக்கிறவர்கள் தூத்துக்குடிப் பக்கம் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீரின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிவது அவர்களுக்குத் தெரிந்த ஆபத்து. தெரிந்ததால் பயப்படுகிறார்கள், சளி பிடித்திருந்தால் இறங்குவதில்லை. இன்னொன்றும் உண்டு. கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் தைக்க ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் ஹாரன் கெடுப்பது செவிப்பறையை அல்ல, உள்ளேயிருக்கும் அந்தச் சங்கை. அதற்குத் தையலும் இல்லை, தைலமும் இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவனின் காது இப்படித்தான் கெடுகிறது. வலிக்காததால் அது அவனுக்குத் தெரிவதுமில்லை.

எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம்? அமெரிக்காவின் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான ‘நியோஷ்’ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் மூன்று மூன்றாகக் கூடும்போது நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி. 91 என்றால் இரண்டு மணி. இப்படியே போனால் 100-க்குக் கால் மணி நேரம். 112-க்கு ஒரு நிமிஷம்கூட இல்லை! கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் சத்தம் கொஞ்சம் குறையும், உண்மைதான். நம்ம ஊர் வெக்கையில் எந்த மீன் வண்டியில் கண்ணாடி ஏற்றியிருக்கிறது? முழங்கையை வெளியே போட்டு, காதையும் வெளியே வைத்துத்தானே ஓட்டுகிறார்கள். தடவைக்கு இரண்டு விநாடி, போக வர நூறு தடவை என்று வைத்துக்கொண்டாலும் மூன்று நிமிஷம் தாண்டிவிடுகிறதே!

நோய் காதுக்கா?

இங்கேதான் நான் சொன்ன இரண்டாவது நோய் வருகிறது. சத்தத்தால் காது கெடும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாக மங்குவதில்லை. கீச்சுக் குரல் பக்கமாக, 4,000 ஹெர்ட்ஸ் என்று சொல்கிற இடத்தில் முதலில் குழி விழும். கனத்த சத்தம் நன்றாகக் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தம் விழாது. வீட்டில் இது எப்படித் தெரியும்? ஆண்கள் பேசுவது புரியும். குழந்தையும் பெண்டாட்டியும் பேசுவது புரியாது. ‘பல்’ என்றால் ‘கல்’ என்று கேட்கும். ச, த, ப, க எல்லாம் குழம்பும். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார். நாலு பேர் கூடிய கல்யாண வீட்டில் பேச்சு பிடிபடாமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

“நான் கூப்பிட்டா மட்டும் இவருக்குக் காதுல விழாது டாக்டர்” என்று மனைவிமார் குறைப்படும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. காது மெஷின் வைத்துப் பார்க்கும் முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டவர் அந்த அம்மா!

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘என் ஹாரன் சரியாகக் கேட்கவில்லை’ என்று சொல்கிற டிரைவர் பத்து வருஷமாகப் பெருஞ்சத்தத்தில் ஓட்டியவர். கேட்காதது ஹாரனுடைய குறையா, கேட்கிற காதின் குறையா? காது மந்தமானவர் ஹாரனைக் கூட்டுகிறார். கூட்டிய ஹாரன் காதை இன்னும் மந்தமாக்குகிறது. அடுத்த வருஷம் அதுவும் போதவில்லை. இரட்டைக் குழல், மூன்று குழல் என்று தேடுகிறார். பீடி ஒன்று, இரண்டாகி, கட்டாகிற கதைதான்.

‘காதில் வெள்ளைப்பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டால் சரியாகுமா?’ என்று எனக்குக் கேள்வி வரும். சித்த வைத்தியனாகவே பதில் சொல்கிறேன்: ஆகாது. செத்துப்போன செல்லை எழுப்பும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. ‘இருக்கிறது’ என்று யாராவது பாட்டிலை நீட்டினால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் எண்ணெய் விட்டால் சீழ் பிடிக்கும். இது உபரித் தொல்லை. காது இரைச்சலால் உறக்கம் கெட்டவர்களுக்கு உறக்கத்தைச் சீர்ப்படுத்த எங்களிடம் மருந்து இருக்கிறது, எண்ணெய்க் குளியல் இருக்கிறது. உறங்கினால் இரைச்சலின் தொந்தரவு குறைகிறது. அவ்வளவுதான் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும்.

உறக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் போல நித்திரையும் அதில் ஒன்று. நித்திரையை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு, செவிட்டுத்தன்மை, தெளிவில்லாத பேச்சு எல்லாம் வரும் என்று நூல்கள் சொல்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியெடுக்கும் டிரைவர் தன் நித்திரையை அடக்குகிறார். போகிற வழியில் ஹாரன் அடித்து ஊராரின் நித்திரையையும் அடக்குகிறார். விழித்தால்தான் கெடுதல் என்றில்லை. முழிக்காமல் புரண்டு படுத்தாலும் அந்தச் சத்தத்துக்கு இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதைப் பல வருஷம் ஆராய்ந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2018-இல், ராத்திரியில் ரோட்டுச் சத்தம் சராசரி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகளுக்குச் சொன்னது. இரண்டு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடும் உங்கள் மாமியாருக்கு, ரோட்டோரத்து முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறீர்களா? பின்னறைக்கு மாற்றுங்கள்.

திருச்செந்தூர் ரோட்டில் இன்னொரு கூட்டமும் உண்டு. தைப்பூசம் போன்ற விசேஷ நாட்களுக்கு விடிய விடிய நடந்து போகிற பாதயாத்திரைக்காரர்கள். கால் கொப்பளித்து, பாதித் தூக்கத்தில் நடப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன் அடித்தால் என்ன நடக்கும்? ‘ஒதுங்குவார்’ என்று டிரைவர் நினைக்கிறார். ஒதுங்குவதற்கு, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை யோசிக்க வேண்டும். திடுக்கிட்டவர் யோசிப்பதில்லை, துள்ளுகிறார். இடது பக்கம் துள்ளினால் பள்ளம், வலது பக்கம் துள்ளினால் உங்கள் வண்டி. சைக்கிள்காரரும் ஸ்கூட்டிப் பெண்ணும் அப்படித்தான். மிரட்டி வாங்குகிற வழி ஆபத்தான வழி.

சட்டமும் ரோடு ரோலரும்

‘இதையெல்லாம் தடுக்க சட்டம் இல்லையா?’ இருக்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி, பல ஸ்வரத்தில் மாறி மாறிப் பாடும் ஹாரனும், அளவுக்கு மீறிக் காது கிழியும் ஹாரனும் எந்த வண்டியிலும் இருக்கக் கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. நம்ம மீன் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை! சத்தக் கட்டுப்பாட்டை மீறினால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதோடு லைசென்ஸும் மூன்று மாதம் போகும். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஹாரனே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2005 ஜூலையில் சொன்னது. 2010-இல் அது இரைச்சல் கட்டுப்பாட்டு விதியிலும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். எங்கள் ஊர் கே.எம்.டி. மருத்துவமனை வாசலில் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே படுத்திருப்பவர் நோயாளிதானே?

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது? எஃப்.சி.க்குப் போகும்போது ஏர் ஹாரனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்கிறார்கள்.

2025 அக்டோபரில் கேரளாவில் போக்குவரத்து அமைச்சர் கணேஷ் குமார் உத்தரவில் ஏர் ஹாரன்களைப் பறித்து, கொச்சியில் ரோட்டில் பரப்பி, மேலே ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கு அதில் முழு திருப்தி இல்லை. நசுங்கியது தகரக் குழல். டிரைவரின் மனசில் ‘எனக்கு வழி கிடைக்க வேறு வழியில்லை’ என்ற எண்ணம் நசுங்கவில்லையே! அடுத்த வாரமே புதிதாக வாங்கிவிட மாட்டாரா? எனக்குப் பிடித்தது நேபாளக்காரர்கள் செய்தது. 2017 ஏப்ரல் 14, அவர்களுக்குப் புத்தாண்டு நாள் (நமக்கும் அன்றுதான் சித்திரை ஒன்று). அன்று முதல் காத்மாண்டு நகரில் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தடை போட்டார்கள். நெரிசலுக்குப் பேர்போன ஊர், ஒடுக்கமான தெருக்கள். அங்கேயே முடியுமென்றால்...

ஏர் ஹாரனுக்கு ரசிகர்கள் இருப்பதையும் மறைக்க வேண்டாம். ரோட்டோரம் நின்று, கையை மடக்கி இழுத்துக் காட்டி, “அண்ணே, ஹாரன்... ஹாரன்...” என்று கத்துகிற சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவில் 2016-இல் பஸ் டிரைவர்களிடம் பாட்டு ஹாரன் கேட்டுச் சிறுவர்கள் அட்டை பிடித்து நின்றது உலகம் முழுக்கப் பரவியது. டிரைவர் அண்ணனும் சந்தோஷமாக அடிப்பார். அந்தச் சிறுவர்களின் காது புத்தம் புதுசு. கெட்டால் இன்னும் அறுபது வருஷம் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்?

வண்டி முதலாளிகளிடம் முதலில் பேசுகிறேன். ஹாரனுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் நீங்கள்தான், காக்கா, அண்ணாச்சி! டிரைவர் கேட்டால் கம்ப்ரஸருக்கு நீட்டும் நோட்டை, எர்த் களிம்பைச் சுரண்டவும் நல்ல ஹாரன் ஒன்று மாட்டவும் நீட்டுங்கள். பத்து நிமிஷம் முன்னதாகப் பெட்டி ஏற்றிக் கொடுங்கள். ‘எங்க வாற? எங்க வாற?’ என்று ஓடுகிற வண்டிக்கு போன் போடாதீர்கள். அவசரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ‘ஹாரன் அடிக்காதே’ என்றால் அவன் என்ன செய்வான்?

டிரைவர் தம்பி, உங்களுக்கு. முன்னால் போகிற லாரிக்காரர் பாட்டுப் போட்டுக் கண்ணாடியை ஏற்றியிருந்தால் எந்த ஹாரனும் அவருக்குச் சரியாகக் கேட்காது. ராத்திரி நேரத்தில் லைட்டை இரண்டு தடவை ஏற்றி இறக்குவது அவர் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். இடம் விட்டுத் தொடருங்கள். அவர் கை காட்டின பிறகு முந்துங்கள். ஊருக்குள் நுழைந்தால் வேகத்தைக் குறைத்தாலே பாதி ஹாரன் தேவைப்படாது.

ஏற்கெனவே ஏர் ஹாரன் மாட்டியிருந்தால் அதை நல்ல எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துக் கழற்றுங்கள். வெட்டின ஒயரை அப்படியே தொங்க விட்டுவிட்டு வராதீர்கள். பழைய இணைப்பைச் சரியாகப் போட்டு, ஃப்யூஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் காது. ஐந்து வருஷத்துக்கு மேல் லோடு வண்டி ஓட்டுகிற யாரும், குறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு தடவை காதைச் சோதித்துவிடுவது நல்லது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார். வலி கிடையாது, ஊசி கிடையாது. காதில் ஒரு ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்னச் சத்தம் விடுவார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். 4,000-க்குப் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு அப்படியே காலையில் போய் உட்காராதீர்கள். அந்தச் சத்தத்தில் காது தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். சோதனை தப்பாகக் காட்டும். முந்தின நாள் லோடை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நன்றாக உறங்கி எழுந்து போங்கள். உங்கள் வீட்டம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். எத்தனை நாளாகக் காது மந்தம் என்று டாக்டர் கேட்டால், சரியான கணக்கு அவர்களிடம்தான் இருக்கும்.